பூமியின் நீர் கூடுகிறதா, குறைகிறதா?

பூமியில் உள்ள நீரின் மொத்த அளவு மாறுவதே இல்லை, அது கடலுக்கும் மேகத்துக்கும் மண்ணுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கேட்கும்போது இயற்கையின் விதி ஒன்றைச் சொல்வதுபோல இருக்கும். உண்மையில் அப்படி ஒரு விதி கிடையாது. நீர் உடையும், புதிதாக உருவாகும், பாறைக்குள் புதையும், விண்வெளிக்குத் தப்பியும் போகும். இவை எல்லாமே இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன. அப்படி இருந்தும் மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட மாறாமல் நிற்கிறது. அது எப்படி என்று தேடிப் போனால், பாடப்புத்தகத்தின் அந்த ஒற்றை வரியைவிடப் பல மடங்கு சுவையான செய்திகள் கிடைக்கின்றன.

முதலில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்போம். பூமியின் மேற்பரப்பிலும் அதன் அருகிலும் உள்ள நீரைக் கூட்டினால் சுமார் 138.6 கோடி கன கிலோமீட்டர் வரும். ஒரு கன கிலோமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட பெட்டி. அதில் பிடிக்கும் நீரின் எடை 100 கோடி டன். இந்த மொத்த நீரையும் ஒரே உருண்டையாகத் திரட்டினால் அதன் விட்டம் சுமார் 1,385 கிலோமீட்டர்தான் இருக்கும். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். விண்வெளியிலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரியும் இந்தக் கோளின் எடையில் கடல்நீரின் பங்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பரந்து கிடப்பதால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இந்த நீரில் 96.5 சதவீதம் கடலில் இருக்கிறது. நன்னீர் மொத்தமே 2.5 சதவீதம். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் மலைகளிலும் பனியாக உறைந்து கிடக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நிலத்தடி நீர். உலகத்து ஆறுகள் அனைத்திலும் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஏறக்குறைய 2,100 கன கிலோமீட்டர் மட்டுமே. காற்றில் ஆவியாகவும் மேகமாகவும் இருப்பது சுமார் 12,900 கன கிலோமீட்டர். அது முழுவதும் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டி, பூமி எங்கும் சமமாகப் பரவினால், இரண்டரை சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கும்.

கடலும் நிலமுமாகச் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன கிலோமீட்டர் நீர் ஆவியாகி மேலே போகிறது. காற்றின் கொள்ளளவோ வெறும் 12,900. அப்படியானால் காற்றில் உள்ள நீர் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட நாற்பது முறை காலியாகி நிரம்ப வேண்டும். அதாவது மேலே போகும் நீராவி சராசரியாக ஒன்பது, பத்து நாளில் மழையாகவோ பனியாகவோ கீழே வந்துவிடுகிறது. நீர்ச் சுழற்சி என்று படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவது இவ்வளவு வேகமாக நடக்கும் காரியம்.

அளவு மாறாவிட்டால் தண்ணீர்ப் பஞ்சம் ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நமக்கு வேண்டியது மொத்த நீர் இல்லை. நன்னீர், நாம் இருக்கும் இடத்தில், நமக்குத் தேவையான நேரத்தில். ஆழத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தேங்கிய நீரைச் சில பத்தாண்டுகளில் இறைத்துவிட்டால் அது அழிந்துபோவதில்லை, வயலில் பாய்ந்து ஆவியாகிக் கடைசியில் பெரும்பாலும் கடலில் போய்ச் சேருகிறது. உலகக் கணக்கில் ஒரு சொட்டும் குறையவில்லை. கிணறு மட்டும் வற்றிவிட்டது. 2002 முதல் 2017 வரை சுற்றிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் இந்த இடமாற்றத்தைப் புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களை வைத்தே அளந்தன. நிலத்தடி நீர் குறையும் பகுதிகளில் ஈர்ப்பு கொஞ்சம் குறைகிறது, அவ்வளவு நுட்பமான அளவீடு. 1993 முதல் 2010 வரை இறைக்கப்பட்ட நிலத்தடி நீர் பூமியின் சுழற்சித் துருவத்தையே, அதாவது சுழலும் அச்சு தரையைத் தொடும் புள்ளியையே, சுமார் 80 சென்டிமீட்டர் நகர்த்தியிருக்கிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. எனவே "மொத்த அளவு மாறாது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாராவது தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றால், அது தவறான வாதம்.

கடல்மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து நீரின் அளவே மாறிவிட்டதாக எண்ணுவதும் இதே வகைக் குழப்பம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அந்த நீர் எங்கும் தொலையவில்லை, நிலத்தின் மேல் பனிப்படலமாக ஏறி உட்கார்ந்திருந்தது. இப்போது கடல் உயர்வதற்கு இரண்டு காரணங்கள்: பனி உருகி வருவது ஒன்று, கடல்நீர் சூடேறி விரிவது மற்றொன்று. இரண்டாவதில் நீரின் அளவு கூடவே இல்லை, அது அடைத்துக்கொள்ளும் இடம்தான் கூடுகிறது.

உடையும் நீர், பிறக்கும் நீர்

மாறாமல் இருப்பவை அணுக்கள். வேதிவினைகளில் அணுக்கள் அழிவதும் இல்லை, உருவாவதும் இல்லை. ஆனால் நீர் ஓர் அணு இல்லை. இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு. சேர்ந்தது பிரியலாம், பிரிந்தது மறுபடி சேரலாம். 1800-ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் நீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதை இரண்டு வாயுக்களாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இயற்கை இந்த வேலையைப் பெரிய அளவில் செய்துகொண்டே இருக்கிறது. தாவரங்களும் கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் ஒளிச்சேர்க்கையின்போது நீரை உடைக்கின்றன. ஹைட்ரஜன் சர்க்கரைக்குள் போகிறது, ஆக்சிஜன் காற்றுக்கு வருகிறது. அந்த ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறதா, நீரிலிருந்து வருகிறதா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1941-ல் ரூபன், கேமன் என்ற வேதியியலாளர்கள் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்துச் சோதித்து, அது நீரிலிருந்துதான் வருகிறது என்று காட்டினார்கள். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள ஆக்சிஜன், எப்போதோ ஓர் இலையோ பாசியோ உடைத்த நீரின் மிச்சம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்படி உலகத்துத் தாவரங்களும் பாசிகளும் ஆண்டுக்கு நூறு கன கிலோமீட்டருக்கு மேல் நீரை உடைக்கின்றன. அப்படியே விட்டால் கணக்கு இடித்திருக்கும். ஆனால் அந்தச் சர்க்கரையைச் சாப்பிடும் எந்த உயிரும், மட்கவைக்கும் எந்த நுண்ணுயிரும், அதை ஆக்சிஜனோடு சேர்த்து மறுபடி நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. நம் உடலிலேயே உணவு எரிவதால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 300 மில்லிலிட்டர் புது நீர் உருவாகிறது. வட அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கங்காரு எலி குடிக்க நீரே இல்லாமல் வாழ்வது இந்த வழியால்தான். காய்ந்த விதைகளைத் தின்று, அதிலிருந்தே தன் நீரைத் தயாரித்துக்கொள்கிறது.

எரிபொருளிலும் இதே கதை. பெட்ரோல், டீசல், எரிவாயு எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியே வருகிறது. குளிர்ந்த காலையில் வண்டியின் புகைக்குழாயிலிருந்து சொட்டும் நீர் அதுதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பாசிகள் உடைத்த நீர், அந்த ஹைட்ரஜன் வழியாக இப்போது மீண்டும் நீராகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்று உலகம் எரிப்பதை எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்குப் பத்து கன கிலோமீட்டர் போல வரும். 138.6 கோடியோடு ஒப்பிட்டால் இது கண்ணுக்கே தெரியாத தொகை, கடல்மட்டத்தில் இதனால் எதுவும் ஆகாது.

அப்புறம், டைனோசர் குடித்த அதே தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோம் என்று சொல்வார்கள். அணுக்களைப் பற்றிச் சொன்னால் சரி. மூலக்கூறைப் பற்றிச் சொன்னால் சரியில்லை. திரவ நீரில் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜன்களை இடைவிடாமல் மாற்றிக்கொள்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஆக்சிஜனும் அதன் இரண்டு ஹைட்ரஜன்களும் பிரியாமல் சேர்ந்திருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். குவளையில் ஊற்றிய நீரைக் குடித்து முடிப்பதற்குள் அதன் மூலக்கூறுகள் எத்தனையோ முறை கலைந்து சேர்ந்துவிட்டிருக்கும்.

மேலே உள்ள ஓட்டை

இதுவரை பார்த்த மாற்றங்கள் எல்லாம் பூமிக்குள்ளேயே முடிகின்றன. பூமியை விட்டே வெளியேறும் நீர் வேறு வகை. வளிமண்டலத்தின் மேல்மட்டத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் நீராவி மூலக்கூறின் மேல் விழுந்தால் அது உடைந்துபோகிறது. பிரிந்த ஹைட்ரஜன் மிக இலேசான அணு. அதனால் மிக வேகமாக ஓடும். பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் தேவை. மேல்மட்டத்தில் உள்ள சில ஹைட்ரஜன் அணுக்கள் அந்த வேகத்தை எட்டிவிடுகின்றன. போனால் போனதுதான். ஆக்சிஜன் கனமானது, அதனால் பெரும்பாலும் இங்கேயே தங்குகிறது. ஆனால் ஹைட்ரஜன் போய்விட்ட பிறகு வெறும் ஆக்சிஜனிலிருந்து நீர் வராது.

இப்படித் தப்பிய ஹைட்ரஜனும் தப்பக் காத்திருக்கும் ஹைட்ரஜனும் பூமியைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டமாகப் பரவியிருக்கின்றன. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 பயணிகள் நிலவில் நிறுத்திய புற ஊதாக் கேமரா அதைப் படம் பிடித்தது. ஜார்ஜ் கருதர்ஸ் வடிவமைத்த கருவி அது. ஆனால் அந்த ஒளிவட்டம் நிலவையும் தாண்டி, சுமார் 6.3 லட்சம் கிலோமீட்டர் வரை விரிந்திருக்கிறது என்பது சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 2019-ல்தான் தெரியவந்தது. அதாவது கேமரா நின்ற நிலவே அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

தப்பும் ஹைட்ரஜன் நொடிக்குச் சுமார் 3 கிலோகிராம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 95,000 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோ ஹைட்ரஜன் ஒன்பது கிலோ நீரில் இருக்கிறது. ஆக, ஆண்டுக்குச் சுமார் 8.5 லட்சம் டன் நீர் இழப்பு. பயமுறுத்தும் எண். ஆனால் ஒரு கன கிலோமீட்டர் என்பது 100 கோடி டன் என்று முன்பே பார்த்தோம். அந்த ஒரே ஒரு கன கிலோமீட்டரை இழக்கவே ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆகும். இதே வேகத்தில் 100 கோடி ஆண்டுகள் போனாலும் கடல்மட்டம் இரண்டரை மீட்டர்கூட இறங்காது. கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டர்.

ஓட்டை இருந்தும் இவ்வளவு குறைவாக ஒழுகுவது ஏன்? முழு விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. வெப்ப மண்டலப் பகுதிகளில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி வரை இறங்கிவிடும். அந்தக் குளிரில் நீராவி பனித்துகளாக உறைந்து கீழே விழுந்துவிடுகிறது. கொதிக்கும் பானையின் மூடியில் ஆவி பட்டு நீராகித் திரும்பச் சொட்டுவதைப்போல. தரைக்கு அருகே ஈரமான காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை நீராவி இருக்க முடியும். அந்தக் குளிர் அடுக்கைத் தாண்டிய பிறகு பத்து லட்சத்தில் ஐந்து பங்கு போலத்தான் இருக்கிறது. புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கும் உயரத்துக்குப் போய்ச் சேரும் நீர் மிக மிகக் குறைவு.

இந்தத் தடுப்பில் சின்னச் சந்துகள் உண்டு. மீத்தேன் வாயு அந்தக் குளிரில் உறையாது, அதனால் தடையின்றி மேலே போய் அங்கே உடைந்து நீராகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. பெரிய எரிமலை வெடிப்பும் நீரை நேரடியாக மேலே எறிய முடியும். 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலுக்கடியில் வெடித்த ஹுங்கா டோங்கா எரிமலை, சுமார் 14.6 கோடி டன் நீராவியை அந்தக் குளிர் அடுக்குக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலத்துக்கு அனுப்பியது. அங்கே ஏற்கெனவே இருந்த நீரில் அது பத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு வெடிப்பு! மேலே எவ்வளவு வறட்சி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கீழே உள்ள கணக்கு

விண்வெளிக்குப் போவதைவிட மிகப் பெரிய வரவு செலவு நம் காலடியில் நடக்கிறது. கடல்தளத் தட்டுகள் மெதுவாக நகர்ந்து, ஆழ்கடல் அகழிகளில் மற்றொரு தட்டின் அடியில் நுழைந்து பூமிக்குள் இறங்குகின்றன. அவற்றின் பாறைகளும் களிமண்ணும் நீரைத் தங்கள் கனிமங்களுக்குள் பிணைத்து எடுத்துச் செல்கின்றன. இப்படி உள்ளே போகும் நீர் ஆண்டுக்கு ஒரு கன கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். விண்வெளி இழப்பைவிட இது ஆயிரம் மடங்கு. திரும்பி வராமல் உள்ளேயே போய்க்கொண்டிருந்தால், 100 கோடி ஆண்டுகளில் கடலின் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

போகவில்லை. எரிமலைகளும், கடலடியில் புதுப் பாறை பிறக்கும் மலைத்தொடர்களும் அந்த நீரை ஆவியாக வெளியே விடுகின்றன. கடந்த 50 கோடி ஆண்டுகளில் கடல்மட்டம் ஏறி இறங்கியது சில நூறு மீட்டர் எல்லைக்குள்தான் என்று பாறைப் படிவங்கள் காட்டுகின்றன. அதை வைத்துப் பார்த்தால் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஓரளவு சமமாகவே இருந்திருக்க வேண்டும். துல்லியமாகச் சமம் என்று சொல்ல முடியாது.

உள்ளே தங்கியிருக்கும் நீருக்கு நேரடிச் சாட்சி 2014-ல் கிடைத்தது. பிரேசிலின் ஜுய்னா பகுதியில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் நுண்துகள் சிக்கியிருந்ததை, கிரகாம் பியர்சன் தலைமையிலான குழு கண்டறிந்தது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தின் அழுத்தத்தில்தான் அந்தக் கனிமம் உருவாகும். அதன் எடையில் சுமார் ஒன்றரை சதவீதம் நீர். அங்கே கடலோ குளமோ இருப்பதாகக் கற்பனை செய்யக்கூடாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பாறையின் அமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கின்றன, பிழிந்தால் வராது. ஆனால் அந்த ஆழத்துப் பாறை அவ்வளவு பெரிய பரப்பில் இருப்பதால், சேர்த்துப் பார்த்தால் அங்கே ஒரு கடலளவு நீர்கூட இருக்கலாம். அதையும் சேர்த்தால் பூமியின் மொத்த நீர் எவ்வளவு என்ற எண்ணே மாறிவிடும். 138.6 கோடி என்பது மேலே உள்ள நீரின் கணக்கு மட்டுமே.

வானத்திலிருந்து புதிதாக நீர் வருகிறதா? வருகிறது, கொஞ்சமாக. விண்தூசியும் விண்கற்களுமாக ஆண்டுக்குச் சில பத்தாயிரம் டன் பொருள் பூமியில் விழுகிறது. அதில் பெரும்பகுதி பாறை. முழுவதும் நீராகவே இருந்தாலும் மேலே ஒழுகும் 8.5 லட்சம் டன்னை அது ஈடுசெய்யாது. 1986-ல் லூயி ஃபிராங்க் என்ற இயற்பியலாளர், சிறு சிறு பனி வால்நட்சத்திரங்கள் ஓயாமல் பூமியில் மோதி நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று வாதிட்டார். செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த கரும்புள்ளிகள்தான் அவருடைய ஆதாரம். மற்ற அளவீடுகள் எதுவும் அதற்குத் துணை வராததால் அந்தக் கருத்து நிலைக்கவில்லை.

ஆனால் ஆதியில் நிலைமை வேறு. பூமி உருவாகி சுமார் 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களில் மிகப் பழையவை 440 கோடி ஆண்டு வயதானவை. அவற்றின் ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் அப்போதே திரவ நீர் இருந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று தேட ஹைட்ரஜனிலேயே ஒரு அடையாளம் இருக்கிறது. ஹைட்ரஜனில் கனமான ஒரு வகை உண்டு, டியூட்டீரியம் என்று பெயர். சாதாரண ஹைட்ரஜனுக்கு அது எவ்வளவு என்ற விகிதம் நீர் பிறந்த இடத்துக்கு ஏற்ப மாறும். ரோசெட்டா விண்கலம் 2014-ல் 67பி என்ற வால்நட்சத்திரத்தை நெருங்கி அளந்தபோது, விகிதம் நம் கடலைவிட மூன்று மடங்கு இருந்தது. அதுபோன்ற வால்நட்சத்திரங்கள் நம் கடலை நிரப்பியிருக்க முடியாது. கரிமம் நிறைந்த சில விண்கற்களின் விகிதமோ நம் கடலோடு நன்றாகப் பொருந்துகிறது.

அதே டியூட்டீரியம் வேறொரு செய்தியும் சொல்கிறது. கனமானது என்பதால் அது விண்வெளிக்கு எளிதில் தப்பாது. எனவே ஒரு கோளிலிருந்து நிறைய ஹைட்ரஜன் தப்பியிருந்தால், மிஞ்சிய நீரில் டியூட்டீரியம் கூடியிருக்கும். வெள்ளிக் கோளில் அந்த விகிதம் பூமியைப்போல நூறு மடங்குக்கும் மேல். செவ்வாயில் ஐந்தாறு மடங்கு. இரண்டு கோள்களும் தங்கள் நீரை விண்வெளிக்கு இழந்தவை என்பதற்கு இது வலுவான சான்று. வெள்ளி சூரியனுக்கு அருகில் இருப்பதால் அதன் காற்று சூடேறி, நீராவியைத் தடுக்கும் குளிர் அடுக்கு அங்கே வேலை செய்யவில்லை. நீர் உயரப் போனது, உடைந்தது, ஹைட்ரஜன் பறந்தது. இன்று அதன் தரையில் 460 டிகிரி வெப்பம். செவ்வாய் சிறியது, ஈர்ப்பு குறைவு, அங்கே இழப்புக்கு வேறு வழிகளும் இருந்தன.

ஆக, பூமியின் நீர் மாறாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு விதி இல்லை, ஒரு சமநிலை. போதிய ஈர்ப்பு, சூரியனிலிருந்து சரியான தூரம், பதினாறு கிலோமீட்டருக்கு மேலே ஒரு கடுங்குளிர், உள்ளே போனதைத் திருப்பிக் கொடுக்கும் எரிமலைகள். மனித வாழ்நாளுக்கும், மனித குலத்தின் மொத்த வரலாற்றுக்கும் "மாறாது" என்று சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை.

புவியியல் காலத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. சூரியனின் ஒளி மெல்ல மெல்லக் கூடிவருகிறது, 100 கோடி ஆண்டுகளில் சுமார் பத்து சதவீதம். அப்படிக் கூடிக்கொண்டே போனால் பூமியின் காற்று வெப்பமாகி, அதிக நீராவியைத் தாங்கி, மேலே உள்ள குளிர் அடுக்கும் சூடேறும். அப்போது நீராவி உறைந்து விழாமல் தாண்டிப் போகும். பத்து லட்சத்தில் ஐந்து பங்கு என்பது நூற்றுக்கு இத்தனை என்று மாறும், ஹைட்ரஜன் தப்பும் வேகமும் அதற்கேற்பப் பெருகும். இது இன்னும் 100 கோடி ஆண்டுகளிலா அல்லது அதற்கும் வெகு பிறகா என்பதில் ஆய்வாளர்களின் கணிப்புகள் வேறுபடுகின்றன. கடல்கள் வற்றுவது எந்த வழியில் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை: வெள்ளி தன் நீரை இழந்த அதே வழியில்தான்.